மாணவர் கைகளில் உருவாகும் உதவிக் கருவிகள்

உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கான உதவிக் கருவிகளை மாணவர்கள் வடிவமைப்பது, பொறியியல் கல்வியில் தனிக் கிளையாகவே வளர்ந்துவிட்டது. சக்கர நாற்காலி, செயற்கைக் கால், செயற்கைக் கை, விரல் மடங்காதவர் பிடித்து உண்ணும் கரண்டி, தாடை அசைவால் கணினியை இயக்கும் விசை, பேச்சு வராத குழந்தைக்காகப் பேசும் பலகை என இதன் பரப்பு பெரியது. மாணவர் கையில் பிறந்த சில கருவிகள் ஆயிரக்கணக்கானோரின் அன்றாட வாழ்வில் இடம்பிடித்திருக்கின்றன. வேறு பல, மதிப்பெண் கிடைத்த மறுநாளே ஆய்வுக்கூட அலமாரிக்குப் போயின. இந்த வேறுபாட்டுக்கு மாணவரின் திறமை பெரிய காரணமாக இருந்ததில்லை. கருவியைப் பயன்படுத்தப்போகிறவர் எந்தக் கட்டத்தில் வடிவமைப்புக்குள் வந்தார், மாணவர்கள் படித்து வெளியேறிய பின் அந்தக் கருவியை யார் பொறுப்பேற்றார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கான விடையே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

தேவையின் அளவு மலைக்க வைப்பது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, ஏதேனும் ஓர் உதவிக் கருவி தேவைப்படுவோர் உலகில் 250 கோடிக்கும் மேல் என்று கணக்கிட்டது. 2050-இல் இது 350 கோடியைத் தாண்டும் என்பது அதன் மதிப்பீடு. மூக்குக்கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் சேர்ந்த கணக்கு இது. செல்வ நாடுகளில் தேவைப்படுவோரில் 90 விழுக்காடு வரை கருவி பெற்றுவிடும்போது, வருமானம் குறைந்த சில நாடுகளில் 3 விழுக்காட்டினருக்கே அது கிடைக்கிறது. இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைப் பதிவுசெய்தது. அவர்களில் ஏறத்தாழ 54 லட்சம் பேர் இயக்கக் குறைபாடு உள்ளவர்கள். மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு நோய், அமிலத் தாக்குதலால் வந்த பாதிப்பு போன்றவற்றைத் தனித்தனியே பெயர் சொல்லிச் சேர்த்து, குறைபாட்டு வகைகளை 21 ஆக உயர்த்தியது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்.

இவ்வளவு தேவை இருந்தும் தொழிற்சாலைகள் இத்துறையில் முழுமூச்சாக இறங்காததற்குக் காரணம் உண்டு. ஓர் உடல் போல இன்னோர் உடல் இருப்பதில்லை. தண்டுவடம் கழுத்தருகே பாதிக்கப்பட்டவருக்கும் இடுப்பருகே பாதிக்கப்பட்டவருக்கும் வேண்டிய இருக்கை முற்றிலும் வேறு. இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் சூம்பியவருக்குத் தேவையானது மூன்றாவது வகை. ஒரே அச்சில் லட்சம் உருப்படி வார்த்தெடுத்து விலையைக் குறைக்கும் வழி இங்கே பாதிதான் செல்லுபடியாகும். ஒரே ஒருவருக்காக ஒரே ஒரு பொருளைச் செய்ய வணிக நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது. கல்லூரிக்கோ அந்த ஒன்றே பாடமாகிவிடுகிறது. மாணவர் உழைப்பு இத்துறைக்குள் நுழைந்த வாசல் இதுதான்.

அந்த வாசலை முதலில் திறந்தவர்களில் பலர், தாமே சக்கர நாற்காலியில் இருந்த மாணவர்கள். இளம்பிள்ளைவாதத்தால் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்த எட் ராபர்ட்ஸ் 1962-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, அவருக்கு ஏற்ற விடுதி இல்லாமல் வளாக மருத்துவமனையிலேயே இடம் கொடுத்தார்கள். அவரைப் போலவே வந்து சேர்ந்தவர்கள் ‘ரோலிங் குவாட்ஸ்’ என்ற பெயரில் ஒரு குழுவானார்கள். அவர்கள் போராடிப் பெற்ற, 1970-இல் தொடங்கிய மாணவர் உதவித் திட்டத்தில் சக்கர நாற்காலிப் பழுதுபார்ப்பும் ஒரு சேவையாக இருந்தது. நாற்காலி பழுதானால் வகுப்புக்குப் போக முடியாது என்பதை அறிந்தவர்கள் போட்ட திட்டம் அது. பழுதுபார்ப்பை முதல் தேவைகளில் ஒன்றாக வைத்த அந்தத் தெளிவு, பின்னால் வந்த பல கல்லூரித் திட்டங்களில் காணாமல் போனது பெரும் இழப்பு.

ரால்ஃப் ஹாட்ச்கிஸ் இன்னொரு முன்னோடி. ஓபர்லின் கல்லூரி மாணவராக இருந்தபோது 1966-இல் நேர்ந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் அவருடைய கால்கள் செயலிழந்தன. அதன்பின் தம் நாற்காலியைத் தாமே திருத்தத் தொடங்கி, வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலி வடிவமைப்பாளராகவே இருந்தார். 1980-இல் நிகராகுவா சென்றபோது, ஒரே நாற்காலியைப் பகிர்ந்துகொண்டு அதைத் தம் தேவைக்கு ஏற்பத் திருத்திவந்த இளைஞர்களைக் கண்டார். உள்ளூர்ப் பட்டறையில் கிடைக்கும் இரும்புக் குழாயும் சைக்கிள் உதிரிப் பாகமும் கொண்டு செய்யக்கூடிய, எவரும் காப்புரிமைக் கட்டணமின்றிப் பின்பற்றக்கூடிய வடிவங்களை அதன்பின் உருவாக்கினார். சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு ‘வேர்ல்விண்ட்’ என்ற அமைப்பை வளர்த்து, மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் நாற்காலி செய்யக் கற்றுக்கொடுத்தார். மணலில் புதையாத அகலமான ரப்பர் முன்சக்கரம் ‘ஜிம்பாப்வே சக்கரம்’ என்றே பெயர் பெற்றது. அது உருவானது அந்நாட்டில்.

இம்முயற்சிகள் முறையான பாடமாக மாறியது 1980-களின் பிற்பகுதியில். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 1988-இல் ஒரு நிதித் திட்டத்தைத் தொடங்கியது. இறுதியாண்டுப் பொறியியல் மாணவர்கள், தம் ஊரில் வாழும் மாற்றுத்திறனாளி ஒருவருக்காகக் கருவி ஒன்றைச் செய்து அவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். செய்த கருவிகளின் விவரம் ஆண்டுத் தொகுப்புகளாக வெளிவந்தது. இவற்றைப் புரட்டினால் பெரிய கண்டுபிடிப்புகள் அதிகம் தென்படுவதில்லை. சாய்தளம், கதவு திறக்கும் கயிறு, தோட்ட வேலைக்கான உயரமான மேசை, ஒரு கையால் இயக்கும் மீன் தூண்டில் போன்ற எளிய பொருள்களே மிகுதி. இத்துறையின் உண்மையான நாடி அவற்றில்தான் துடிக்கிறது.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் சேத் டெல்லர் 2011-இல் தொடங்கிய பாடம் இந்த மரபின் செம்மையான வடிவம். மாணவர் குழு ஒவ்வொன்றும் பாஸ்டன் பகுதியில் வாழும் ஒருவருடன் பருவம் முழுவதும் சேர்ந்து வேலை செய்யும். வீட்டுக்குப் போய்ப் பார்த்து, அவர் காலை எழுந்தது முதல் எங்கெங்கே தடைபடுகிறார் என்று குறித்துக்கொண்ட பிறகுதான் வரைபடம். டெல்லர் 2014-இல் மறைந்த பின்னும் பாடம் தொடர்ந்தது. அதே வளாகத்தில் மாணவர்கள் நடத்தும் ஒருநாள் வடிவமைப்புக் கூடலிலும், குழுவினர் கருவி தேவைப்படுபவரை முன்கூட்டியே சந்தித்துப் பேசிவிட வேண்டும்.

அக்கழகத்திலிருந்தே வந்த ‘லெவரேஜ்ட் ஃப்ரீடம் சேர்’ என்ற நெம்புகோல் நாற்காலியைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். ஏமஸ் விண்டர் 2005-இல் மாணவராகத் தான்சானியா சென்று, அங்கே சக்கர நாற்காலி பயன்படுத்துவோரின் நிலையை ஆராய்ந்தார். மருத்துவமனை நடைக்கூடத்துக்காகச் செய்யப்பட்ட நாற்காலி மண்சாலையில் ஓடவில்லை. கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் சாலையில் ஓடியது, வீட்டுக்குள் நுழையவில்லை. இரண்டையும் ஒன்றிலே தர வேண்டும், விலையும் ஏற வேண்டாம், கிராமத்திலேயே பழுதுபார்க்க முடிய வேண்டும் என்பது கேள்வி.

விடை வியப்பூட்டும் எளிமை உடையது. இருபுறமும் நெம்புகோல்கள். அவற்றை முன்னே தள்ளினால் சைக்கிள் செயின் வழியாகச் சக்கரம் சுழலும். நெம்புகோலின் மேல்பகுதியைப் பிடித்துத் தள்ளினால் முறுக்குவிசை கூடும். மேட்டிலும் மணலிலும் ஏறலாம். கீழ்ப்பகுதியைப் பிடித்தால் கையின் அதே வீச்சுக்குச் சக்கரம் கூடுதலாகச் சுழலும். சமதளத்தில் வேகமாகப் போகலாம். கியர்ப் பெட்டி எதுவும் இல்லாமல், கை பிடிக்கும் இடமே கியர் ஆகிறது. வீட்டுக்குள் வந்ததும் நெம்புகோல்களைக் கழற்றி வைத்துவிட்டுச் சாதாரண நாற்காலி போல உருட்டலாம். ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்த முதல் சோதனையில் பயன்படுத்தியவர்கள் குறைகளை வெளிப்படையாகச் சொன்னார்கள்: கனம் அதிகம், அகலம் அதிகம், வீட்டுக்குள் திரும்பவில்லை. வடிவம் மாற்றப்பட்டது. அடுத்து குவாத்தமாலாவிலும், பிறகு ஜெய்ப்பூரைச் சேர்ந்த பகவான் மஹாவீர் விக்லாங் சகாயதா சமிதி என்ற அமைப்புடன் இணைந்து இந்தியாவிலும் சோதனை தொடர்ந்தது. ஒரு மாணவரின் கோடைப் பயணத்தில் தொடங்கியது, விற்பனைக்கு வரும் நாற்காலியாக மாற ஏறத்தாழ பத்தாண்டுகள் பிடித்தன.

ஜெய்ப்பூர் என்ற பெயர் இத்துறையில் அடிக்கடி வருவதற்குப் பழைய காரணம் உண்டு. 1968-இல் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் அறுவை மருத்துவர் பி. கே. சேதியும் சேர்ந்து உருவாக்கிய ஜெய்ப்பூர்க் கால், சம்மணமிட்டு அமரவும், குந்தி உட்காரவும், செருப்பின்றி வயலில் நடக்கவும் இடம் தந்தது. மேலை நாட்டுச் செயற்கைக் கால்கள் நாற்காலியிலும் காலணியிலும் வாழ்கிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை. ஆனால் தொடைக்கு மேல் கால் இழந்தவருக்குப் பாதம் மட்டும் போதாது, முழங்கால் மூட்டும் வேண்டும். ஒற்றை அச்சில் மடங்கும் எளிய மூட்டு, மேடுபள்ளத்தில் கால் வைக்கும்போது திடீரென மடிந்து ஆளை வீழ்த்திவிடும்.

இச்சிக்கலை 2008-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் குழு தம் வகுப்புப் பணியாக எடுத்துக்கொண்டது. நான்கு தண்டுகள் இணைந்து இயங்கும் மூட்டை அவர்கள் வடிவமைத்தார்கள். இத்தகைய மூட்டில் மடங்கும் மையம் ஓரிடத்தில் நிலைத்து நிற்காமல், கால் மடியும் அளவுக்கேற்ப இடம் மாறிக்கொண்டே போகும். நிமிர்ந்து எடை தாங்கும்போது மையம் உயரத்திலும் பின்னாலும் இருப்பதால் மூட்டு பூட்டியது போல நிற்கும். காலை வீசும்போது எளிதில் மடியும். தத்துவம் பழையது, அதுவரை விலைதான் எட்டாததாக இருந்தது. எண்ணெய் ஊறிய நைலானைக் கடைந்து செய்ததால் தனியாக மசகு வேண்டியதில்லை, செலவும் ஏறத்தாழ 20 டாலருக்குள் அடங்கியது. 2009-இல் டைம் இதழ் அவ்வாண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது. விருதைவிட முக்கியமானது அதன்பின் நடந்தது: டி-ரெவ் என்ற லாபநோக்கற்ற வடிவமைப்பு நிறுவனம் அந்த மூட்டை ஏற்று, பயன்படுத்தியவர்கள் சொன்ன குறைகளைத் திருத்தி, அடுத்தடுத்த வடிவங்களைக் கொண்டுவந்தது.

இந்தியாவில் இந்தத் தொடர்ச்சியை நிறுவன அளவில் சாதித்திருப்பது சென்னை ஐஐடி. அங்கே பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையில் இயங்கும் டிடிகே மறுவாழ்வு ஆராய்ச்சி, கருவி மேம்பாட்டு மையத்தில் மாணவர்களும் திட்டப் பணியாளர்களும் ஆண்டுக்கணக்கில் ஒரே கருவியில் வேலை செய்கிறார்கள். ஒரு மாணவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்குகிறார். 2019 நவம்பரில் வெளியான ‘அரைஸ்’ நின்றெழும் சக்கர நாற்காலி அப்படி வந்தது. நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பதால் ரத்த ஓட்டம் குறையும், எலும்பு பலமிழக்கும், அழுத்தப் புண் வரும். மோட்டார் இல்லாமல், நெம்புகோல் இயக்கத்தால் அமர்ந்தவர் தாமே எழுந்து நிற்கும் இந்த நாற்காலியைத் தயாரிக்கும் பொறுப்பைச் சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் ஏற்றது. தயாரிப்பாளர் உடனிருந்தது இந்தக் கருவிக்குப் பெரிய பலம்.

அதே மையத்தில் வேரூன்றி, முன்னாள் மாணவர் ஒருவர் பேராசிரியருடன் சேர்ந்து தொடங்கியது நியோமோஷன் நிறுவனம். உடலளவு எடுத்து அவரவருக்கு ஏற்பச் செய்துதரும் ‘நியோஃப்ளை’ நாற்காலியும், அதன் முன்னே மாட்டிக்கொண்டால் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும் ‘நியோபோல்ட்’ மின் இணைப்பும் 2021-இல் அறிமுகமாயின. சென்னைச் சாலைகளில் இவ்வண்டியில் உணவு விநியோகம் செய்து சம்பாதிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். வேலைக்குப் போய் வருவதற்கு ஆட்டோவுக்கே சம்பளத்தைக் கொடுத்துவந்த நிலைக்கு இது நேரடியான விடை. 2022-இல் பெங்களூரின் மொபிலிட்டி இந்தியா அமைப்புடன் சேர்ந்து ‘கதம்’ என்ற முழங்கால் மூட்டையும் இம்மையம் வெளியிட்டது.

பேச்சு தொடர்பான ஓர் எடுத்துக்காட்டும் சென்னையிலேயே உண்டு. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்காகச் செயல்படும் வித்யாசாகர் நிறுவனத்தின் குழந்தைகளுடனும் ஆசிரியர்களுடனும் இணைந்து, ஐஐடியின் முன்னாள் மாணவர் அஜித் நாராயணன் ‘ஆவாஸ்’ என்ற கருவியை 2010-ஐ ஒட்டி உருவாக்கினார். படங்களைத் தொட்டு வாக்கியம் அமைத்தால் அது பேசும். முதலில் தனிப்பெட்டியாக வந்த கருவி, தொடுதிரைக் கணினிகள் பரவியதும் செயலியாக மாறியது. சொந்தமாகச் செய்த பெட்டியைக் கைவிட்டு, சந்தையில் கிடைக்கும் கருவிக்கு மாறத் துணிந்தது நல்ல முடிவு.

முப்பரிமாண அச்சு இயந்திரம் பரவலானதும் மாணவர் முயற்சிகள் பன்மடங்காயின. 2013-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஜான் ஷல் தொடங்கிய ‘இ-நேபிள்’ தன்னார்வ வலையமைப்பில் பள்ளிப் பிள்ளைகள்கூடப் பங்கேற்று, விரல் இல்லாத குழந்தைகளுக்குப் பிளாஸ்டிக் கை அச்சிட்டுக் கொடுத்தார்கள். மணிக்கட்டை மடக்கினால் தசைநாண் போன்ற கயிறுகள் இழுபட்டு விரல்கள் மூடும் அமைப்பு அது. மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் மனேரோவும் சக மாணவர்களும் 2014-இல், தசையின் மின் அதிர்வால் இயங்கும் கையை ஒரு சிறுவனுக்கு இலவசமாகச் செய்து கொடுத்தார்கள். விலையை இந்தத் தொழில்நுட்பம் பெருமளவு குறைத்தது. ஆனால் அச்சிட்ட கையின் பிடிமானம் குறைவு. வழக்கமாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் வளைந்துபோகும். குழந்தை வளர வளரப் புதிய அளவும் வேண்டும். குழந்தைக்கு அது தரும் மகிழ்ச்சி உண்மையானது. முழுநாளும் உழைக்கும் பெரியவருக்கு அது போதாது.

கொடுத்த கருவி பயன்படுத்தப்படுகிறதா என்ற கேள்விக்கு ஆய்வுகள் தரும் விடை கசப்பானது. ஃபிலிப்ஸ், ஜாவோ இருவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில் 227 பேரை விசாரித்தபோது, பெற்ற கருவிகளில் 29.3 விழுக்காடு கைவிடப்பட்டிருந்தது. முக்கியக் காரணங்களில் ஒன்று, தேர்வின்போது பயன்படுத்துபவரின் கருத்தைக் கேட்காதது. கருவி எளிதாகக் கையில் வந்து சேர்ந்தது, சரியாக வேலை செய்யாதது, நாளடைவில் அவருடைய தேவை மாறிப்போனது ஆகியவை மற்றவை. தொழில்முறை நிறுவனங்கள் செய்த கருவிகளுக்கே நிலை இது.

மாற்றுத்திறனாளியும் வடிவமைப்பு விமர்சகருமான லிஸ் ஜாக்சன் இன்னும் கடுமையாக ஒன்றைச் சொன்னார். நல்லெண்ணத்தோடும் நேர்த்தியோடும் செய்யப்பட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கு இல்லாத சிக்கலைத் தீர்க்கும் பொருள்கள் பெருகுகின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. படியேறும் சக்கர நாற்காலி இந்த விவாதத்தில் அடிக்கடி அடிபடுகிறது. பொதுப் பயன்பாட்டுக் கட்டடத்துக்குச் சாய்தளம் அமைப்பது சட்டப்படி உரிமையாளரின் கடமை. அதைச் செய்யாமல், படியேறும் சுமையை நாற்காலியில் இருப்பவரின் செலவில் ஏற்றுவது நியாயமாகாது என்ற வாதம் வலுவானது. எதிர்வாதமும் உண்டு. சூரிச்சின் ஈடிஹெச் பல்கலைக்கழக மாணவர்கள் செய்த படியேறும் நாற்காலி ‘ஸ்கீவோ’ நிறுவனமாக வளர்ந்தது. எல்லாப் பழைய கட்டடங்களும் நாளையே மாறிவிடப்போவதில்லை. உடனடியாக உள்ளே போக வேண்டியவர் இருக்கிறார். இரண்டையும் எடைபோட்டால், படியேறும் நாற்காலியை ஆராய்வது தவறில்லை, அதைக் காட்டிச் சாய்தளத்தைத் தள்ளிப்போடுவதுதான் தவறு.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டுத் திட்டங்களில் குரலால் ஓடும், தலையசைவால் ஓடும், கண்ணசைவால் ஓடும் சக்கர நாற்காலிகள் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருகின்றன. மின்னணுப் பலகையும் உணரிகளும் கற்க அவை நல்ல பயிற்சி. அவற்றுள் எத்தனை நாற்காலிகளில் ஒரு மாற்றுத்திறனாளி ஒருநாள் முழுவதும் அமர்ந்து பார்த்தார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. தண்டுவடம் பாதித்தவருக்கு உட்காருமிடத்தில் உணர்ச்சி இருக்காது. இருக்கை சரியில்லை என்றால் சில மணி நேரத்திலேயே அழுத்தப் புண் தொடங்கிவிடும். அது ஆறாமல் உயிரையே இழந்தவர்கள் உண்டு. நல்ல மெத்தை, சரியான இருக்கை அகலம், கால்தாங்கியின் உயரம் ஆகியவை கண்காட்சியில் கைதட்டல் வாங்காது. ஆனால் இயன்முறை மருத்துவர் எவரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இவற்றைத்தான்.

பாதுகாப்புச் சோதனை இன்னொரு இடைவெளி. சக்கர நாற்காலிக்கான ஐஎஸ்ஓ 7176 தரநிலையில், புடைப்புகள் உள்ள இரட்டை உருளைகள் மீது நாற்காலியை 2,00,000 சுழற்சிகள் ஓட்டிப் பார்க்க வேண்டும். நடைபாதை விளிம்பிலிருந்து விழுவது போல 6,666 முறை போட்டுப் பார்க்க வேண்டும். கல்லூரிப் பட்டறையில் வெல்டிங் செய்த சட்டகம் இதைத் தாங்குமா என்று பார்க்காமலே ஒருவரை அமர வைப்பது ஆபத்து. தனியொரு கல்லூரிக்கு இத்தகைய சோதனைக்கூடம் கட்டுப்படியாகாது. பல கல்லூரிகள் சேர்ந்து ஐஐடி போன்ற இடங்களில் உள்ள வசதியைப் பயன்படுத்த ஏற்பாடு வேண்டும்.

எல்லாவற்றையும்விட இறுக்கமான தளை கால அட்டவணை. ஆளைச் சந்தித்து, அளவெடுத்து, முதல் வடிவம் செய்து, அவர் பயன்படுத்திப் பார்த்து, திருத்தி முடிக்க ஒரு பருவம் போதாது. இரண்டாவது வடிவத்துக்கு வருமுன் தேர்வு வந்துவிடும். தேர்ந்த திட்டங்கள் இதற்கு வழி கண்டிருக்கின்றன: ஒரே பயனாளருடன் கல்லூரி பல ஆண்டுகள் தொடர்பு வைப்பது, முந்தைய குழுவின் கருவியைத் திருத்துவதையே அடுத்த குழுவின் பணியாக்குவது, பழுதுபார்ப்புக்கென நிதி ஒதுக்குவது. பழைய கருவியைத் திருத்திய மாணவருக்கும் புதிதாகச் செய்தவருக்கும் ஒரே மதிப்பெண் என்று பாடத்திட்டக் குழுக்கள் எழுதி வைத்தாலே நிலைமை பெருமளவு மாறும்.

2016 அக்டோபரில் ஈடிஹெச் சூரிச் நடத்திய முதல் ‘சைபத்லான்’ போட்டி, கருவிகளை மதிப்பிடுவதற்கு நல்ல முறை ஒன்றைக் காட்டியது. செயற்கைக் கை அணிந்தவர் துணி காயப்போட வேண்டும், ரொட்டி நறுக்க வேண்டும். செயற்கைக் கால் அணிந்தவர் தாழ்வான இருக்கையில் உட்கார்ந்து எழ வேண்டும். களத்தில் இறங்கிக் கருவியை இயக்கியவர்கள் மாற்றுத்திறனாளிகளே. அதை உருவாக்கிய பல்கலைக்கழகக் குழுக்கள் ஓரத்தில் நின்று பார்த்தன.

சென்னைக் காமராஜர் சாலையில், லேடி வெலிங்டன் கல்லூரி வளாகத்தில், தமிழ்நாடு அரசின் ‘மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்’ 2022 முதல் இயங்குகிறது. சமையலறை, குளியலறை, பணியிடம், விளையாட்டு என எல்லாவற்றுக்குமான உதவிக் கருவிகள் அங்கே தொட்டுப் பார்க்கவும் பயன்படுத்திப் பார்க்கவும் வைக்கப்பட்டிருக்கின்றன. உதவிக் கருவி செய்ய விரும்பும் மாணவர்கள் திட்டத் தலைப்பை எழுதிக் கொடுக்குமுன் அங்கே போய், இருப்பதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்; அவற்றைப் பயன்படுத்த வருபவர்களிடம், இன்னும் எது கிடைக்கவில்லை என்று கேட்க வேண்டும்.